ஓசையும் செவியும்: மார்ஷல் ஒலிபெருக்கியின் வரலாறு பற்றி ஓர் அபிப்பிராயம்

மாந்தர் ஒருவரையொருவர் மதிப்பிடுங்கால், உரத்துப் பேசவல்லாரைப் போற்றும் அளவிற்குப் பொறுத்துக் கேட்கவல்லாரைப் போற்றுவதில்லை. சபையிற் குரலெழுப்புவோன் பெயர் ஊரெங்கும் பரவுகின்றது; மூலையில் அமர்ந்து செவிசாய்ப்போனை அவன் அண்டைவீட்டாரும் அறியார். இவ்வழக்கம் எத்துணைப் பிழையுடையதென்பதை ஒரு பொருளின் வரலாற்றைக்கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். அப்பொருள் இங்கிலாந்து தேசத்திற் பிறந்த மார்ஷல் என்னும் கிட்டார் ஒலிபெருக்கி. பேரோசைக்கு உலகெங்கும் பெயர்போன கருவி அது. அவ்வோசையே அதன் பெருமையென்பது பலர் கொள்கை. எனது அபிப்பிராயமோ அதற்கு மாறானது. மார்ஷலின் பெருமை அதன் குரலிலன்று, அதனை ஆக்கினோர் செவியில் உளது என்பதே யான் நிலைநாட்டக் கருதுவது.

முதலில், அக்கருவி யாதெனக் கூறுதல் முறை. வீணைக்குக் குடமும் பழைய கிட்டாருக்கு உட்குழிந்த மரவுடலும் ஒலியைப் பெருக்கித் தருகின்றன. மின்சாரக் கிட்டாருக்கோ அத்தகைய வயிறு வேண்டுவதில்லை. அதன் உலோகத் தந்திகளின் கீழ்க் காந்தமும் அதனைச் சுற்றிய கம்பிச்சுருளும் அமைந்திருக்கின்றன. தந்தி அதிருங்கால் சுருளில் மிகச் சிறிய மின்னோட்டம் எழும். அதனைப் பன்மடங்காக்கி ஸ்பீக்கருக்கு அனுப்புவதே ஒலிபெருக்கியின் தொழில். எனவே மின்சாரக் கிட்டார் என்பது பாதி வாத்தியமே. மற்றைப் பாதி ஒலிபெருக்கியாம். காற்று நீக்கப்பெற்ற கண்ணாடிக் குழாயாகிய வால்வினுள், சூடேறிய ஒரு தகட்டினின்று மின்னணுக்கள் புறப்பட்டு மற்றொரு தகட்டை நோக்கி விரைகின்றன. இடையில் நிற்கும் கம்பிவலை, மதகு நீரைத் தடுத்தும் விட்டும் ஆள்வதுபோல, அவ்வோட்டத்தை ஆள்கின்றது. கிட்டாரினின்று வரும் சிறு மின்னழுத்தம் அவ்வலையை அசைக்க, பெருமின்னோட்டம் அதன் ஏவலுக்கு அடங்கி நடக்கின்றது.

இனி, இக்கருவிக்குத் தம் பெயரைத் தந்தவர் வரலாற்றைக் காண்போம். ஜேம்ஸ் சார்லஸ் மார்ஷல் 1923-ம் வருஷம் ஜூலை மாதம் 29-ந் தேதி லண்டன் நகரிற் பிறந்தார். இளம்பருவத்திலேயே எலும்பைப் பற்றும் க்ஷயரோகம் அவரைப் பிடித்தது. ஏனைச் சிறுவர் ஓடியாடும் ஆண்டுகளை அவர் மருத்துவசாலைக் கட்டிலில், உடல் முழுவதும் மாவுக்கட்டு இறுகக் கிடந்து கழித்தார். ஆகவே பள்ளிக்கல்வி அவருக்கு வாய்த்தது மிகச் சிறிது. கால்கள் வலுப்பெறும்பொருட்டு, காலணியாற் றரையிற் றாளமிட்டு ஆடும் டாப் நடனம் பயின்றார். அதினின்று பாட்டும், பாட்டினின்று டிரம்ஸ் வாசிப்பும் கைவந்தன. உடற்குறையால் இரண்டாம் உலகப்போரிற் படைக்குச் செல்லாது, பகலில் யந்திரத்தொழில் செய்தும், இரவில் நடனசாலைகளில் வாசித்தும் வாழ்ந்தார். யந்திர நூல்களைத் தாமே கற்றுத் தேர்ந்தார். பெட்ரோல் கிடைத்தற்கரிய அக்காலத்தில், தாம் செய்த ஒலிபெருக்கிப் பெட்டிகளைச் சைக்கிளின் பின்னே ஒரு சிறு வண்டியிற் பூட்டி இழுத்துச் சென்றார் என்பர். போருக்குப்பின் டிரம்ஸ் ஆசிரியராகிப் பல மாணாக்கரைப் பயிற்றுவித்தார். அவருள் ஒருவரே பிற்காலத்திற் புகழ்பெற்ற மிட்ச் மிட்செல்.

1960-ம் வருஷம் லண்டனுக்கு மேற்கேயுள்ள ஹான்வெல் என்னுமிடத்தில், அக்ஸ்பிரிட்ஜ் வீதியில், மார்ஷல் ஒரு வாத்தியக் கடை திறந்தார். முதலில் டிரம்ஸ் விற்பதே எண்ணம். ஆனால் டிரம்ஸ் வாங்க வந்த இளைஞர் தம் தோழராகிய கிட்டார் வித்துவான்களையும் அழைத்து வந்தனர். பிற்காலத்திற் பேர்பெற்ற பீட் டவுன்ஷெண்டும் ரிச்சி பிளாக்மோரும் அவர்களுள் அடங்குவர். புதிய சங்கீதத்தை விரும்பிய அவ்விளைஞரை அக்காலத்துக் கடைக்காரர் பலர் மதித்திலர் என மார்ஷல் கூறியதுண்டு. இவரோ அவர்கள் குறையைப் பொறுமையுடன் கேட்டார். கிடைக்கும் ஒலிபெருக்கிகளின் ஓசை எங்கட்கு வேண்டிய ஓசையன்று என்பதே அவர்கள் முறையீடு. அமெரிக்க பெண்டர் ஸ்தாபனத்தின் கருவிகளை அவர்கள் விரும்பினர். ஆனால் அவை இங்கிலாந்தில் விலை மிகுந்தவை. இங்கே நாம் கவனிக்கவேண்டுவது ஒன்றுண்டு. மார்ஷல் கிட்டார் வாசிப்பவரல்லர். அவர்கள் விரும்பிய சங்கீதமும் அவர் வளர்ந்த சங்கீதமன்று. தாம் விரும்பாத ஒன்றிற்கும் செவிகொடுத்தல் எளிதான காரியமா?

மார்ஷல் தனித்து நின்று இக்கருவியை ஆக்கினாரல்லர். அவர் கடையிற் பழுதுபார்க்கும் தொழில் செய்த கென் பிரான் என்பவரும், மின்கருவித் தொழில் பயின்ற டட்லி கிரேவன் என்னும் இளைஞரும் சேர்ந்தே அதன் மின்சுற்றை அமைத்தனர். பெண்டர் ஸ்தாபனத்தாரின் பாஸ்மன் என்னும் ஒலிபெருக்கியை முன்மாதிரியாகக் கொண்டனர். ஒன்றன்பின் ஒன்றாகப் பல மாதிரிகளைச் செய்து, ஒவ்வொன்றையும் வாசிப்போரிடம் தந்து, அவர்கள் முகக்குறிப்பையும் மொழியையும் அறிந்து திருத்தினர். ஆறாவது மாதிரியிலேயே வேண்டிய ஓசை பிறந்தது என்பது வழிவழி வரும் செய்தி. 1962-ம் வருஷம் அது கடைக்கு வந்தது. ஜிம் மார்ஷல், அவர் மகன் டெர்ரி மார்ஷல் ஆகிய இருவர் பெயரின் முதலெழுத்துக்களைக் கொண்டு அதற்கு ஜே.டி.எம். 45 எனப் பெயரிட்டனர்.

ஈண்டு ஓர் ஆக்ஷேபம் எழும். பிறர் செய்த கருவியைப் பார்த்துச் செய்ததில் என்ன பெருமை உளது என்று சிலர் வினவுவர். இவ்வினா நேர்மையானதே. மின்சுற்றின் அமைப்பு பெண்டருடையதே. அதனை மறைத்தல் தகாது. ஆயினும் இரண்டையும் அருகருகே வைத்துக் கேட்போர், ஓசை ஒன்றன்று என அறிவர். முதல் நிலையில் அமெரிக்கர் வைத்த வால்வினும் மிகுதியாகப் பெருக்கவல்ல இ.சி.சி. 83 என்னும் வால்வை இவர்கள் வைத்தனர். இறுதி நிலையில், சிறிது காலத்துக்குள், இங்கிலாந்திற் செய்யப்பட்ட கே.டி. 66 இடம்பெற்றது. பாஸ்மன் பெட்டியில் 10 அங்குல ஸ்பீக்கர்கள் நான்கு, பின்புறம் திறந்த நிலையில் அமைந்திருந்தன. மார்ஷலோ செலஸ்டியன் ஸ்தாபனத்தாரின் 12 அங்குல ஸ்பீக்கர்கள் நான்கைப் பின்புறம் மூடிய பெட்டியில் வைத்தார். உள்நாட்டிற் கிடைத்ததைக் கொண்டு செய்ததால் உண்டான வேற்றுமைகள் சில. வாசிப்போர் விருப்பத்தைக் கேட்டுச் செய்தவை சில. இரண்டுங் கூடி ஒரு புதுக்குரல் தோன்றிற்று. குருவின் கையெழுத்தைப் பார்த்தெழுதும் மாணாக்கன் நாளடைவில் தன் கையெழுத்தை அடைவதுபோல்வதே இது. முன்மாதிரியைப் பின்பற்றுதல் இழிவன்று. அதனோடு நின்றுவிடுதலே இழிவு.

இனி, இவ்வரலாற்றின் வியக்கத்தக்க பகுதிக்கு வருவோம். ஒலிபெருக்கியிடம் பொறியாளர் எதிர்பார்ப்பது, உள்ளே சென்ற ஒலியை வேறுபாடின்றிப் பெரிதாக்கித் தருதல். வால்வின் தாங்குமளவைக் கடந்து மின்னழுத்தம் செல்லுமாயின், ஒலியலையின் முடியும் அடியும் தட்டையாகிவிடும். அதனால் முன்பு இல்லாத மேற்சுரங்கள் பல தோன்றும். இதனை ஒலிச்சிதைவு எனக் குற்றமாகவே நூல்கள் கூறிவந்தன. ஆனால் வால்வு அவ்வெல்லையை நெருங்குங்கால் அலையைத் திடீரென வெட்டாது, சிறிது சிறிதாக வளைத்து மடக்குகின்றது. ஆதலின் பிறக்கும் ஓசை செறிவும் வெம்மையும் உடையதாய், மீட்டிய சுரம் விரைவில் ஓயாது நீண்டு நிற்பதாய், மனிதக்குரலை ஒருவாறு ஒத்திருக்கின்றது. வாசிப்போர் இதனையே நாடினர். ஜான் மேயாலின் குழுவில் வாசித்த எரிக் கிளாப்டன், மோட்டாரின் பின்பெட்டியில் அடங்கத்தக்க மார்ஷல் ஒன்றை வேண்டினார் என்றும், இரு 12 அங்குல ஸ்பீக்கர்களையும் ஒலிபெருக்கியையும் ஒரே பெட்டியிலடக்கிய மாதிரி அதன்பொருட்டே எழுந்தது என்றும் கூறுவர். 1966-ம் வருஷம் வெளிவந்த இசைத்தட்டில் அதன் ஓசையைக் கேட்டோர் வியந்தனர். அக்குழுவின் பெயரால் அம்மாதிரியைப் புளூஸ்பிரேக்கர் என்றே இன்றும் அழைக்கின்றனர். பொறியாளன் குற்றமென்று தள்ளியதை வித்துவான் குணமென்று கொண்டான். தள்ளியது ஏட்டறிவு, கொண்டது செவியறிவு.

மார்ஷல் மாதிரிகளின் எண்கள் கற்போரை மயக்கும் இயல்பின. புளூஸ்பிரேக்கருக்கு 1962 என்பது எண்; 100 வாட் சக்தியுடைய புகழ்பெற்ற மாதிரிக்கு 1959 என்பது எண்; 50 வாட் மாதிரிக்கு 1987 என்பது எண். இவை வருஷங்களல்ல, ரோஸ் மாரிஸ் என்னும் விநியோகஸ்தரின் விலைப்பட்டியல் எண்கள். 1959 எண்ணுடையது பிறந்ததோ 1965-ம் வருஷம். அதன் வரலாறு சுவையுடையது. தி ஹூ குழுவினரான டவுன்ஷெண்டும் ஜான் எண்ட்விசிலும் மேன்மேலும் சக்தி வேண்டினர். அக்காலத்து மண்டபங்களில் வாய்ப்பாட்டிற்கு மட்டும் சிறு ஒலிபெருக்கிகள் இருந்தன. கிட்டாரின் ஓசை அதன் ஸ்பீக்கர்ப் பெட்டியினின்றே மண்டபமெங்கும் சென்றடைய வேண்டும். எனவே இறுதி நிலை வால்வுகளை நான்காக்கி 100 வாட் ஒலிபெருக்கி செய்தனர். எட்டு ஸ்பீக்கர்களை ஒரே பெட்டியிலடக்க வேண்டுமென டவுன்ஷெண்ட் கேட்க, மார்ஷல் அதன் பாரத்தை எடுத்துக்காட்டி எச்சரித்தும், கேட்டபடியே செய்து கொடுத்தார். சில நாளில், பெட்டியைச் சுமந்தோர் தாங்கமாட்டாராய் முறையிட, அதனை இரண்டாக்கித் தருமாறு டவுன்ஷெண்ட் திரும்பி வந்தார். நான்கு ஸ்பீக்கருடைய இரு பெட்டிகளை ஒன்றன்மேலொன்றாக அடுக்கி, உச்சியில் ஒலிபெருக்கியை வைக்கும் மார்ஷல் அடுக்கு இவ்வாறே நிலைபெற்றது. உலகமெங்கும் மேடைகளிற் காணப்படும் அவ்வுருவத்தை வகுத்ததில் சுமைதூக்குவோரின் முறையீட்டிற்கும் பங்குண்டு.

1966-ம் வருஷம் அமெரிக்காவினின்று லண்டனுக்கு வந்த ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் இக்கருவியை உலகறியச் செய்தார். அவர் குழுவில் டிரம்ஸ் வாசித்தவர் மார்ஷலின் மாணாக்கராகிய மிட்ச் மிட்செல். அவர் வாயிலாகவே இருவரும் அறிமுகமாயினர். ஹெண்ட்ரிக்ஸின் முழுப்பெயர் ஜேம்ஸ் மார்ஷல் ஹெண்ட்ரிக்ஸ் என்பது ஒரு வியத்தகு ஒற்றுமை. நன்கு கற்பித்த ஆசிரியனுக்கு மாணாக்கன் வாயிலாக எத்தகைய கைம்மாறு எந்நாளில் வருமென்று யாரே அறிவார்?

கேட்போனுக்கும் பேசுவோனுக்கும் இடையே ஒரு சுவர் எழுந்தால் நேர்வது யாதென்பதும் இவ்வரலாற்றிலேயே உளது. 1965-ம் வருஷம் மார்ஷல் தம் கருவிகளை விற்கும் உரிமையைப் பதினைந்து ஆண்டுகளுக்கு ரோஸ் மாரிஸ் ஸ்தாபனத்தாருக்கு ஒப்புவித்தார். அதனால் தொழிற்சாலை விரிவடைந்தது உண்மையே. ஆயினும் அயல்நாடுகளில் விலை மிக ஏறிற்று. முன்னே தம்மிடம் நேரே வாங்கி விற்ற நண்பர் சிலரை இழக்க மனமின்றி, பார்க் என்னும் வேறொரு பெயரால் அதே இனத்துக் கருவிகளைச் செய்து தரவும் அவர் நேர்ந்தது. தம் கருவிக்குத் தாமே வேறு பெயரிட்டு விற்பது ஒரு தொழிலாளனுக்கு எத்துணை வருத்தம் தருவது! அவ்வுடன்படிக்கை முடிவெய்திய பின்னரே, 1981-ம் வருஷம், ஜே.சி.எம். 800 என்னும் வரிசை வெளிவந்தது. முன்மூன்றெழுத்து அவர் பெயர். எண்ணோ அவர் மோட்டார் வண்டியின் பதிவுப் பலகையிற் கண்டது. 1984-ம் வருஷம் ஏற்றுமதித் திறத்திற்காக இங்கிலாந்து அரசியாரின் விருதும் கிட்டிற்று. தொடர்ந்து 1987-ல் வெள்ளிவிழா வரிசையும், 1990-ல் ஜே.சி.எம். 900 வரிசையும், 1997-ல் ஜே.சி.எம். 2000 வரிசையும் தோன்றின.

இனி, எதிர்க்கட்சியார் கூற்றில் யான் ஒப்புக்கொள்ளவேண்டுவதும் ஒன்றுண்டு. இக்கருவி இளைஞரைப் பேரிரைச்சலுக்குப் பழக்கிற்று என்பர். அது பொய்யன்று. நம் உட்செவியிலுள்ள நுண்ணிய மயிரணுக்கள் அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. 85 டெசிபல் ஓசையை நாளொன்றுக்கு எட்டு மணி நேரத்திற்கு மேற் கேட்பது தீதென்றும், ஓசை 3 டெசிபல் ஏறுந்தோறும் கேட்கத்தக்க காலம் பாதியாகக் குறையுமென்றும் தொழில்நல ஆராய்ச்சியாளர் வகுத்துள்ளனர். 2022-ம் வருஷம் உலகச் சுகாதார ஸ்தாபனம், கேளிக்கை மண்டபங்களில் ஓசையின் சராசரி 100 டெசிபலைக் கடத்தலாகாதென விதித்தது. 100 வாட் ஒலிபெருக்கியைக் கேட்டுப் பெற்ற டவுன்ஷெண்ட் தம் கேட்கும் திறன் பழுதுற்றதைத் தாமே உலகறியக் கூறியுள்ளார். ஓசையை நாடிச் சென்றவனிடமிருந்து ஓசையே செவியைப் பறிக்குமாயின், அதனினும் பெரிய நஷ்டம் வாத்தியக்காரனுக்கு யாது?

ஆனால் சிந்தித்துப் பார்ப்போர்க்கு ஒன்று விளங்கும். 50 வாட்டை 100 வாட்டாக்கினால் ஓசை ஏறுவது 3 டெசிபலே. செவிக்கு அது சிறிதளவே மிகுதியாகப் படும். இருமடங்கு உரப்பாகத் தோன்றவேண்டுமாயின் சக்தியைப் பதின்மடங்காக்க வேண்டும். ஆகவே சக்தியை அடுக்கிக்கொண்டே போவதால் வரும் பயன் குறைவு, கேடோ மிகுதி. வாசிப்போர் உண்மையில் நாடியதும் உரப்பன்று, வால்வு எல்லையை நெருங்குங்கால் எழும் அத்தனிக்குரலே. பெருஞ்சக்தியுடைய கருவியில் அக்குரலைப் பெறுதற்கு உரத்து வாசிப்பதன்றி வேறு வழி அக்காலத்தில் இல்லை. 1975-ம் வருஷம் மார்ஷல் தொழிற்சாலை, முன்னிலை வால்வுகளின் பெருக்கத்தையும் இறுதி உரப்பையும் வெவ்வேறு திருகுகளால் ஆளும் மாதிரியை வெளியிட்டது. அதன்பின் குறைந்த உரப்பிலும் அக்குரலின் சாயலைப் பெற முடிந்தது. பிற்காலத்தில் மண்டபத்திற்கென்றே பெரிய ஒலிபெருக்கிகள் வந்தபின், மேடையில் மதில்போல் அடுக்கவேண்டிய தேவையும் நீங்கிற்று. எனினும் அடுக்குகள் நீங்கவில்லை; பல மேடைகளில் உள்ளே ஒன்றுமில்லாத வெறும் பெட்டிகளே கண்காட்சியாக நிற்கின்றன. 1984-ம் வருஷம் வந்த திஸ் இஸ் ஸ்பைனல் டாப் என்னும் நகைச்சுவைப் படம் இம்மயக்கத்தையே எள்ளிநகையாடிற்று. பிறர் திருகில் எண் 10 வரையே உளது, என் மார்ஷல் திருகிலோ 11 வரை உளது என்று அதில் ஒரு வித்துவான் பெருமை பேசுகின்றான். பொருளை விட்டு எண்ணைப் பற்றுவோர் அனைவர்க்கும் அந்நகைப்பு உரியது. தேர்வில் வரும் எண்ணையே கல்வியென மயங்கும் நம்மில் பலரும் அதற்கு விலக்கல்லோம்.

மற்றொரு நியாயமும் சொல்லற்பாலது. கருவியின் முகப்பில் ஒருவர் பெயரே பொறிக்கப்பட்டுளது. மின்சுற்றை அமைத்த பிரானையும் கிரேவனையும் அறிந்தோர் மிகச் சிலர். கேட்டவர் மார்ஷல், செய்தவர் அவ்விருவர், திருத்தியவர் வாசிப்போர். இதனால் மார்ஷலின் பெருமை குறையாது. கேட்டறிந்ததைத் தக்கார் கையில் ஒப்புவிப்பதும் ஒரு கலையே. ஆனால் வரலாறு எழுதுவோர் பெயர்ப்பலகையை மட்டும் படித்துவிட்டுச் செல்வராயின், அவரும் செவியில்லாதவரே.

மார்ஷல் 2012-ம் வருஷம் ஏப்ரல் 5-ந் தேதி, தம் 88-ம் வயதிற் காலஞ்சென்றார். அதற்கு முன்பே, இளமையில் தம்மைக் காத்த ஸ்டான்மோர் எலும்புநோய் மருத்துவசாலைக்குப் பெருந்தொகை உதவினார். மாவுக்கட்டினுட் கிடந்த சிறுவனின் வேதனையை முதுமையிலும் அவர் மறந்தாரல்லர். 2023-ம் வருஷம் ஸ்தாபனம் ஸ்வீடன் தேசத்துச் சவுண்ட் இண்டஸ்ட்ரீஸ் என்னும் கம்பெனியுடன் சேர்ந்தது. அக்கம்பெனி அதற்கு முன்னரே மார்ஷல் பெயரால் காதில் அணியும் கருவிகளையும் வீட்டு ஸ்பீக்கர்களையும் செய்து வந்தது. மேடையில் ஆளுயரம் நின்ற பெயர், இன்று பேருந்தில் அமர்ந்திருக்கும் மாணவனின் காதோரம் சிறிய எழுத்தில் நிற்கின்றது. ஓசைக்குப் பெயர்போன அப்பெயர் இறுதியிற் செவியையே சேர்ந்தது பொருத்தமன்றோ?

மாணவ நண்பர்காள்! நம் கல்லூரிகளிற் பேச்சுப்போட்டிகள் உள. கேட்குந் திறத்திற்குப் பரிசு இல்லை. கைத்தொழில் செய்வோனைத் தாழ்வாகவும், பிறன் செய்ததைக் கற்றுச் செய்வோனைப் போலியாகவும் எண்ணும் வழக்கமும் நம்மிடையே அற்றுப்போகவில்லை. பள்ளிக்கல்வி சிறிதும் நிரம்பாத ஒருவர், கடைவாயிலில் நின்ற இளைஞர் சொல்லைப் பொருட்படுத்தியதால் ஒரு சங்கீதத்தின் குரலே மாறிற்று. சுமைதூக்குவோன் சொல்லிலும் வழியுண்டென அறிந்ததால் ஒரு கருவியின் உருவமே அமைந்தது. நாளை நம்மில் ஒருவர் மருத்துவராகலாம், ஆசிரியராகலாம், யந்திரசாலைத் தலைவராகலாம். நம்மிடம் குறைகூற வருவோன் தகுந்த சொல் அறியாதவனாயிருக்கலாம். அவன் விரும்புவது நமக்கு விருப்பமில்லாததாயிருக்கலாம். அப்போதும் அவன் கூற்று முடியுமளவும் காத்திருப்போமாக. உரத்த குரலுக்கு மின்சாரம் போதும். கேட்டலுக்கு மனிதன் வேண்டும்.